மதுரையில் மூன்று நாள்: கீழடி, சமணர் குன்றுகள், மகால் – எதை முதலில், எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

மீனாட்சியம்மன் கோயிலை ஏற்கெனவே பார்த்தாயிற்று, அடுத்து மூன்று நாள் கிடைத்தால் மதுரையின் அருங்காட்சியகங்களையும் சுற்றியுள்ள பழைய இடங்களையும் எந்த வரிசையில் பார்க்கலாம், வயதான பெற்றோரும் பத்து வயதுப் பிள்ளையும் உடன் வந்தால் எதை விட்டுவிடலாம் என்பது கேள்வி.

முதல் நாள் கீழடி அகழாய்வு அருங்காட்சியகம், இரண்டாம் நாள் சமணர் குன்று, மூன்றாம் நாள் நகரம். இதுதான் என் பரிந்துரை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தங்குமிடம் நகரத்துக்குள் இருப்பதால் திருமலை நாயக்கர் மகாலில் தொடங்கி, காந்தி அருங்காட்சியகம் போய், பொழுது மிச்சமிருந்தால் கீழடிக்கு ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவார்கள். குன்றுகளுக்கு நேரமே கிடைக்காது. அப்படிப் பார்க்கும்போது கீழடி வெறும் பானை ஓடுகளும் மணிகளும் நிறைந்த கண்ணாடிப் பெட்டிகளாக நின்றுவிடும். அந்தப் பொருள்களைப் பயன்படுத்திய மக்களின் பெயர்களும் தொழில்களும் மதுரையைச் சுற்றியுள்ள பாறைகளில் வெட்டிக் கிடக்கின்றன. பொருளை முதலில் பார்த்துவிட்டுப் பெயரைத் தேடிப் போனால் இரண்டும் சேர்ந்து பேசும். வேறெந்த ஊரிலும் இவ்வளவு குறைந்த தூரத்துக்குள் இது வாய்ப்பது அரிது.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் விடுமுறை நாள்களைப் பாருங்கள். கீழடி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தமுக்கத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம், தமிழகத்தின் மற்ற மாவட்ட அரசு அருங்காட்சியகங்களைப் போலவே, வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். நீண்ட வார இறுதி என்று வெள்ளி, சனி, ஞாயிறு வருபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஞாயிறு, திங்கள் இரண்டும் உள்ளே வருமாறு அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் கீழடியில் கூட்டம் நெரியும். கூட்டத்துக்கிடையே பெட்டிகளில் எழுதியிருப்பதை நின்று படிக்க முடியாது. வேலைநாளே நல்லது. குன்றுகளுக்கு விடுமுறை கிடையாது. அங்கே வெயில் ஒன்றுதான் கதவைச் சாத்தும்.

கீழடி, மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இராமேசுவரம் சாலையில் சிலைமான் தாண்டியதும் திரும்ப வேண்டும். மாவட்டக் கணக்கில் இது சிவகங்கை. மானாமதுரை, இராமேசுவரம் பக்கம் போகும் விரைவுப் பேருந்துகள் பல அங்கே நிற்பதில்லை. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் திருப்புவனத்தில் இறங்கித் திரும்பி வரவேண்டியிருக்கும். பெற்றோர் உடன் வந்தால் வண்டி வைத்துக்கொள்வதே நல்லது. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், முற்றங்களைச் சுற்றி ஆறு தனித்தனிக் கட்டடங்களாக அமைந்தது, பரப்பு சுமார் 31,000 சதுர அடி. காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். பெரியவர்களுக்கு 15 ரூபாய், சிறுவர்களுக்கு 10, பள்ளி மாணவர்களுக்கு 5 என்று தொடக்கத்தில் கட்டணம் வைத்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போக வெயிலில் நடந்து, படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடிப்பவர்கள் பார்ப்பது முதல் இரண்டு கட்டடங்களை மட்டுமே.

எதைத் தேடிப் பார்ப்பது என்று தெரிந்து போனால் அந்த இரண்டரை மணி நேரம் பலன் தரும். முதலாவதாக, கால வரிசை எப்படி வந்தது என்பதை விளக்கும் மண்ணடுக்குப் படத்தின் முன் நில்லுங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று வந்தது. தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை அவ்வளவு பேச்சைக் கிளப்பியதற்குக் காரணம் இந்த எண்தான். அதே குழியில் 200 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி கி.மு. 205 என்று வந்தது. ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் கிட்டத்தட்ட 375 ஆண்டுகள் படிந்திருக்கின்றன என்று பிள்ளைக்குக் கையால் உயரம் காட்டிச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவதாக, கீறல் உள்ள பானை ஓடுகள். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று மீன், ஏணி, அம்பு போன்ற குறியீடுகள். மற்றொன்று தமிழி எழுத்துகள். தமிழ் பிராமி என்று படித்திருப்பீர்கள், அதேதான். "ஆதன்", "குவிரன் ஆதன்" என்ற பெயர்கள் உள்ள ஓடுகளைத் தேடுங்கள். பானையைச் சுட்ட பிறகு கூர்மையான ஆணி போன்ற ஒன்றால் கீறியவை அவை. கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுவதைக் கவனியுங்கள். எழுதியது ஒரே எழுத்தர் இல்லை, பானைக்குச் சொந்தக்காரர்களே எழுதியிருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வருவது அதனால்தான். மூன்றாவதாக, நூல் நூற்கும் தக்களிகள், எலும்பில் செய்த கூர்முனைகள், செம்பு ஊசி, தந்தச் சீப்பு, பொன் அணித் துண்டுகள், சூதுபவள மணிகள். தக்களியையும் பொன்னையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குன்றில் மறுபடி வரும்.

அகழாய்வுக் குழிகளைப் பார்க்கத்தான் பலர் ஆசையோடு வருகிறார்கள். அங்கேதான் ஏமாற்றமும். தனியார் தோப்புகளில் தோண்டும் குழிகளை, ஆவணப்படுத்தி முடித்ததும் மூடிவிடுவது வழக்கம். மூடாமல் விட்டால் ஒரே மழையில், சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணறும் செங்கல் சுவரும் சரிந்துபோகும். நிலத்தின் உரிமையாளருக்கும் தோப்பு வேண்டும். தோண்டும் பருவம் பொதுவாக மழைக்கு முந்திய மாதங்கள். அந்தச் சமயத்தில் போனால் கொந்தகை, அகரம், மணலூர் என்ற பக்கத்து ஊர்களில் எங்கே வேலை நடக்கிறது என்று அருங்காட்சியகத்திலேயே விசாரியுங்கள். கொந்தகை அந்த மக்களின் இடுகாடு, முதுமக்கள் தாழிகள் கிடைத்த இடம். குழி ஓரத்தில் நிற்காதீர்கள். விளிம்பு இடிந்தால் உங்களுக்கும் ஆபத்து, அடுக்கும் கெடும்.

மாலையில் தங்குமிடம் திரும்பியதும் ஒரு அரைமணி நேரம் தமிழி எழுத்துகளைப் பழகிக்கொள்ளுங்கள். குன்றுக்குப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் கல்வெட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு "எங்கே கல்வெட்டு?" என்று கேட்பார்கள். நான்கைந்து எழுத்து தெரிந்தால் போதும், கண் தானாகப் பிடிக்கும். கூட்டல் குறி போல இருந்தால் அது க. தலைகீழாகப் பிடித்த T போல ஒரு கிடைக்கோட்டின் மேல் நேர்கோடு நின்றால் ந. ஒரு காலின் நடுவிலிருந்து இன்னொரு கால் சாய்ந்து பிரிந்தால் த. நங்கூரம் போல மூன்று முனை மேல்நோக்கி இருந்தால் ய. கீழே வட்டம், அதன் மேல் இரண்டு கொம்பு விரிந்தால் ம. எழுத்தின் தலையில் பக்கவாட்டில் நீளும் சிறு கோடு உயிர்க்குறி. புள்ளியைத் தேடாதீர்கள், அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் அது இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டு. பெரியவர்களைவிட அதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

இனி குன்றுகள். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஒன்றை, மிஞ்சினால் இரண்டை, நிதானமாகப் பாருங்கள்.

பெற்றோரும் பிள்ளையும் உடன் வரும் குடும்பத்துக்குக் கீழக்குயில்குடி சமணமலையை நான் முதலில் சொல்வேன். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை பக்கமிருந்து பிரியும் வழி, நகரத்திலிருந்து 12 கிலோமீட்டர் சுமார். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமர நிழல் எல்லாம் உண்டு. ஏற முடியாதவர்கள் அங்கேயே சுகமாக இருக்கலாம். மலையைப் பக்கவாட்டில் சுற்றிப் போனால் செட்டிப்புடவு. கொஞ்சம் படிதான், மெதுவாக ஏறினால் வயதானவர்களும் போய்விடலாம். குகைக்கு வெளியே பாறையில் பெரிய தீர்த்தங்கரர் (சமண சமயத்தின் பெருங்குரு) உருவம். உள்ளே மேல்வளைவில் வரிசையாகச் சிறிய புடைப்புச் சிற்பங்கள். அவற்றில் சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருபவனை எதிர்க்கும் இயக்கி என்ற சமணப் பெண்தெய்வத்தின் உருவத்தைத் தவறவிடாதீர்கள். அது குனிந்து உள்ளே போனால்தான் தெரியும், பலர் வாசலிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பேச்சிப்பள்ளம் அதே மலையில் மேலே. அய்யனார் கோயில் பக்கமிருந்து பாறையில் வெட்டிய படிகள், கைப்பிடிக் கம்பி. நிதானமாக ஏறினால் அரைமணிக்குள் போகலாம். ஆனால் வழியில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே ஒரு சுனைக்கு மேல் எட்டு உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர். காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை இருந்தால் அது தீர்த்தங்கரர் என்பதற்கு அடையாளம். உருவங்களுக்குக் கீழே ஓடும் எழுத்து தமிழி இல்லை, வட்டெழுத்து. இவை 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதாவது குகைகளில் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளுக்கு ஓராயிரம் ஆண்டு பிந்தியவை. அந்த வரிகளில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அச்சணந்தி என்ற இந்தத் துறவியின் பெயரை மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் காணலாம். அவர் சிற்பம் செய்வித்த இடங்களைக் கோர்த்தாலே ஒரு தனிப் பயணத்திட்டம் வரும். பேச்சிப்பள்ளத்துக்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னும் தெம்பிருந்தால் போங்கள்.

இரண்டாவது, அரிட்டாபட்டி. மேலூர்ச் சாலையில் வடகிழக்கே 25 கிலோமீட்டர் சுமார். அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 எக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்தப் பகுதி ஏலம் போய், ஊர் மக்கள் திரண்டு எதிர்த்து, 2025 சனவரியில் ஏலம் ரத்தானதும் இங்கேதான். இங்கே மூன்று காலமும் ஒரே மலையடியில் கிடைக்கிறது. தமிழிக் கல்வெட்டுள்ள குகைத்தளம் ஒன்று. அச்சணந்தி பெயரில் வட்டெழுத்து வரியோடு ஒரு தீர்த்தங்கரர் ஒன்று. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று. குடைவரையின் ஒரு பக்கத்தில் பிள்ளையார், மறுபக்கத்தில் இலகுலீசர். சிவனின் வடிவமாகக் கருதப்படும், கையில் தண்டத்தோடு இருக்கும் இலகுலீசரைத் தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்க முடியாது. தமிழி வரிகளில் ஒன்றில் "இலஞ்சி" என்ற ஊரைச் சேர்ந்த இளம்பேராதன் என்பவரின் மகன் இக்குகையைக் கொடுத்ததாக வருகிறது. ஆதன் என்ற பெயர் இங்கேயும் இருக்கிறது. கீழடி ஓட்டில் படித்த அதே பெயர்ப் பகுதி பாறையில் நிற்கிறது. இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதாலும் பலகைகள் போதாததாலும் ஊரில் ஒருவரை வழிகாட்ட அழைத்துக்கொள்ளுங்கள். கூலியை முன்பே பேசி, தாராளமாகக் கொடுங்கள். இந்த மலையைக் காத்தது அவர்கள்தான்.

மூன்றாவது, நன்றாக ஏறக்கூடியவர்களுக்கு மட்டும்: மாங்குளம் மீனாட்சிபுரத்துக் குன்று அல்லது அழகர்மலைக் கிடாரிப்பட்டி. மாங்குளம் கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அதில் இருப்பது தமிழ்தான் என்பது 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வாசித்தபோதுதான் தெளிந்தது. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960-களில் வாசித்துக் காட்டினார். சங்கப் பாட்டில் மட்டும் கேட்டிருந்த பெயர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுப் பாறையில் இருக்கிறது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு அவனுடைய அலுவலன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகளின் உறைவிடம், வெட்டிக் கொடுத்த செய்தி அது. வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் அங்கேயே உண்டு.

அழகர்மலைதான் கீழடிக்கு நேர் துணை என்பது என் கருத்து. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய அந்தக் குகைத்தளத்தில் கொடையாளர் பட்டியல் போல வரிகள் இருக்கின்றன: மதிரை உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதிரைப் பொன்கொல்லன் ஆதன். பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றுப் பாகு, கொழு ஏர்முனை இரும்பு, அறுவை துணி. கீழடியில் பார்த்த தக்களிக்கும் பொன் துண்டுக்கும் இங்கே ஆள் கிடைத்துவிட்டார்கள். மதுரையின் பெயரும் கிடைத்தது. இந்த இரண்டு இடத்துக்கும் பெற்றோரை அழைத்துப் போகாதீர்கள். பாதையில் முள்ளும் சரளையும் உண்டு, மாங்குளத்தில் பாறைச் சரிவும் உண்டு.

ஏறவே முடியாதவர்களுக்கு ஒரு மாற்று: ஒத்தக்கடை அருகே யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் கோயில். படி ஏறும் வேலை இல்லை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-ல் குடைவித்து, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தது. கல்வெட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கிறது. இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல இடம். வழிபாட்டுக் கோயில் என்பதால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

எந்தக் குன்றானாலும் கல்வெட்டு எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். குகைத்தளத்தின் நெற்றியில் பாறையைக் குறுக்காக வெட்டிய ஒரு பள்ளக்கோடு ஓடும். அதற்குக் காடி என்று பெயர். மழைநீர் பாறையை ஒட்டி வழிந்து உள்ளே படுக்கைக்கு வராமல், அந்த இடத்தில் அறுந்து கீழே சொட்டுவதற்காக வெட்டியது. எழுத்துகள் பெரும்பாலும் இந்தக் காடியை ஒட்டி, மேலேயோ கீழேயோ இருக்கும். அதாவது உங்கள் தலைக்கு மேல் பல அடி உயரத்தில். கீழே கற்படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று கொண்டுபோனால் கழுத்துவலி மிஞ்சாது. படுக்கைகளில் தலைமாட்டுப் பக்கம் சற்று உயர்த்தி வெட்டியிருப்பார்கள். ஊர்க்காரர்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள், வழி கேட்கும்போது அந்தப் பெயரில் கேட்டால் சட்டென்று புரியும்.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் பலர் தோற்றுத் திரும்புகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு மழைக்காற்றில் தேய்ந்த எழுத்தின் ஆழம் சில இடங்களில் மிகக் குறைவு. வெயில் நேர் எதிரே நின்று அடித்தால் எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் வெளிச்சம் போய், பாறை வெறுமையாகத் தெரியும். வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தால் பள்ளத்தின் ஒரு கரை நிழலாகி, எழுத்து எழும்பி நிற்கும். குகையின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முந்தின இரவே வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் பார்த்துவிடுங்கள். கிழக்கு நோக்கியதற்குக் காலையில் வெயில் நேராக விழும். அதனால் விடிந்ததும் போகாமல் சற்று ஏறிய பொழுதில், வெளிச்சம் மேலிருந்து சாய்வாக இறங்கும்போது பாருங்கள். மேற்கு நோக்கியதற்குப் பிற்பகல் மூன்றரைக்கு மேல் அடிக்கும் நேர்வெயில் ஆகாது. நிழலில் இருக்கும் குகைக்குக் கைவிளக்குப் போதும். விளக்கை எழுத்துக்கு நேரே பிடிக்காமல், ஒருவர் ஓரமாக நின்று பாறையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் நேரே நின்று பார்க்க வேண்டும். கைப்பேசிக் கேமராவின் ஃபிளாஷ் ஒளியை அணைத்துவிடுங்கள். நேரே அடிக்கும் அந்த ஒளி, எழுத்தைப் படத்தில் அழித்துவிடும்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தடவுவது, தண்ணீர் தெளிப்பது, நகத்தால் சுரண்டுவது எதையும் செய்யாதீர்கள், செய்பவரைத் தடுக்கவும் தயங்காதீர்கள். சுண்ணக்கட்டியைத் தவறான கோட்டில் இழுத்துவிட்டால் அடுத்து வருபவர் அந்தத் தவற்றையே படிப்பார், தூளும் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். சமணர் குன்றுகள் பலவற்றில் தீர்த்தங்கரர் முகத்துக்கு மேலேயே காதலர் பெயர்கள் வெட்டியிருப்பதைக் காணும்போது வயிறு எரியும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று 2010-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. பிள்ளைக்கு இதை மலையேறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குன்றுக்குப் போகும் நாள் காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். மார்ச் முதல் சூன் வரை பத்து மணிக்கே பாறை கொதிக்கும். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் உள்ளங்கால் வெந்துவிடும், ஒரு சோடிக் காலுறை பையில் இருக்கட்டும். அக்டோபர், நவம்பர் மழையில் பாறைமேல் பாசி படியும். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். திசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இரண்டு தொல்லையும் இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். சுனைநீரை நம்பாதீர்கள். குகை நெற்றிகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். நறுமணத் தைலம் பூசிக்கொண்டு போவது, புகை போடுவது, கூச்சலிடுவது மூன்றும் ஆபத்து. கூட்டைப் பார்த்தால் அந்தக் குகையை விட்டுவிட்டுத் திரும்புங்கள், கல்வெட்டு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அழகர்கோயில் பக்கம் குரங்குகள் அதிகம், தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாம். தனியாகப் போகத் தயங்குபவர்கள், இந்தக் குன்றுகளுக்குக் கூட்டாக நடை ஏற்பாடு செய்யும் பசுமை நடை போன்ற குழுக்களின் அடுத்த நடை எப்போது என்று விசாரிக்கலாம். கல்வெட்டறிஞர் ஒருவர் உடன் நின்று வாசித்துச் சொன்னால் கிடைக்கும் தெளிவு, புத்தகத்தில் கிடைக்காது.

மூன்றாம் நாள் நகரம். திருமலை நாயக்கர் மகாலுக்குக் காலை ஒன்பது மணிக்குத் திறந்தவுடன் போங்கள். பள்ளிச் சுற்றுலாக்கள் பத்தரைக்கு மேல் வந்து இறங்கும். 1636-ஐ ஒட்டிக் கட்டிய இந்த அரண்மனையில் இன்று நிற்பது சொர்க்க விலாசமும் நாடக சாலையும் மட்டும். சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்துக்கொண்டு போனதும், பிறகு இடிந்ததும் போக மிச்சம். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்ததால் இவ்வளவாவது தப்பியது. அதன்பின் நெடுங்காலம் நீதிமன்றமாகவும் இருந்தது. தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், தலையைத் தூக்கி வளைவுகளுக்கும் குவிமாடத்துக்கும் நடுவே இருக்கும் சுதைவேலையைப் பாருங்கள். உத்திரம் இல்லாமல் அந்தக் குவிமாடம் எப்படி நிற்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். நாடக சாலையில் கல்வெட்டுகளும் சிற்பங்களும் வைத்திருக்கிறார்கள், நேற்று பார்த்த வட்டெழுத்தை இங்கே கைக்கெட்டும் உயரத்தில் பார்க்கலாம். வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் பத்துநிமிடம் நடந்தால், சந்துக்குள் கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் நிற்கும். அதையும் பார்த்தால்தான் அரண்மனை வளாகம் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது உறைக்கும்.

அடுத்து தமுக்கம். இராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனையாக இருந்த கட்டடத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் 1959 ஏப்ரல் 15 அன்று நேருவால் திறக்கப்பட்டது. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த ஆடையின் இரத்தக்கறை படிந்த பகுதி இங்கே இருக்கிறது. அந்த அறையில் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் போராட்டப் படக்காட்சி நீளமானது, எழுத்து அதிகம். பிள்ளை சோர்ந்தால் அதை விரைவாகக் கடந்து நினைவுப்பொருள்களிடம் போய்விடலாம். பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை இடைவேளை விடுவார்கள், அந்த நேரத்தில் வாசலில் நிற்கும்படி ஆகாமல் பதினொன்றுக்குள் போய்விடுங்கள். அதே வளாகத்தில்தான் அரசு அருங்காட்சியகம். சிறியது, முக்கால் மணி போதும். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில்.

மாலையில் மறுபடி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போவதானால் அது ஆயிரங்கால் மண்டபத்துக்காக இருக்கட்டும். 985 தூண்கள் கொண்ட அந்த மண்டபத்தை அரியநாத முதலியார் 1569-ல் கட்டியதாகச் சொல்வார்கள். நான்கு மணிக்கு மேல் நடை திறந்ததும் போனால் நின்று பார்க்கலாம். 2018 தீ விபத்துக்குப் பிறகு கைப்பேசியை உள்ளே அனுமதிப்பதில்லை. வெளியே பாதுகாப்பறையில் கொடுத்துவிட்டு வரவேண்டும், அங்கே வரிசை நீளும். ஒருவரிடம் எல்லார் கைப்பேசியையும் கொடுத்து வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தால் அரைமணி நேரம் மிஞ்சும்.

நீங்கள் வரும் முதல் நாளே செவ்வாயாக அமைந்துவிட்டால் கீழடியைப் புதனுக்குத் தள்ளி, முதல் நாளில் மகாலையும் தமுக்கத்தையும் வையுங்கள். குன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் கீழடிக்கு முன்னால் கொண்டுவராதீர்கள். வெள்ளிக்கிழமை மாட்டினால் அன்று குன்றுக்குப் போங்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் பேச்சிப்பள்ளத்தை விட்டுவிட்டுச் செட்டிப்புடவோடு நிறுத்தி, மிச்சப் பொழுதை யானைமலை நரசிங்கத்துக்குக் கொடுங்கள்.